யார் பக்கத்து நாக்கு

வைகாசி 6, ஞாயிறு

மகள் மல்லிகாவின் மூத்த பையன் கோகுல்நாத் சேலத்தில் டாக்டருக்குப் படிக்கிறான். மார்க்கில் வாங்கின சீட்டு, யார் காலிலும் விழவில்லை. இளையவன் அஸ்வத் பூப்பந்தில் மாநிலம் வரை போய்க் கோப்பையோடு வந்தான். கோப்பை ஒரு குடம் உயரம் இருக்கும். என் தம்பி பேத்தி ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அந்தக் குளிரிலும் தினம் தலைக்குக் குளிக்கிறாளாம். மகன் யுவராஜின் ஒரே பெண் தீட்சணா, ஒன்பது வயது, அபாகஸ் போட்டியில் இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கிய பெண் நடுவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது என் சந்தேகம்.

இவ்வளவையும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். அவள் அவிநாசியில் இறங்கிவிட்டாள். காந்திபுரத்துக்கு டிக்கெட் எடுத்ததை நான் பார்த்தேன்.

எங்கள் வம்சத்தில் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. இதை எழுதி வைக்கிறேன்.

பள்ளிக்கூடம் திறக்கும் வரை இங்கே கோயமுத்தூரில் யுவராஜ் வீட்டில்தான் இருப்பேன். மருமகள் ஹேமலதாவுக்கு ஆபீஸில் லீவு இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் வாசலில் செருப்பைக் கழட்டும்போதே ஹேமா போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "அப்பறம் கூப்படறேனுங்க" என்று வைத்துவிட்டாள்.

"யாரு?"

"சும்மா, ஆஸ்பத்திரில இருந்துங்கத்தே."

சும்மா எந்த ஆஸ்பத்திரியாவது கூப்பிடுமா? நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கவனித்துக்கொள்வேன்.

தீட்சணா, எனக்கு எப்போதும் அம்மிணி, உயரமாகிவிட்டாள். ஆனால் நிற்கிற நிலை நன்றாக இல்லை. தலை முன்னால் நீட்டிக்கொண்டு, தோள் இரண்டும் உள்ளே சுருண்டு, துணி மாட்டுகிற கொக்கி போல இருக்கிறாள். "நேரா நில்லு கண்ணு" என்றால் நிமிர்கிறாள், நான் திரும்புவதற்குள் பழையபடி வளைந்துவிடுகிறாள். வாயும் எந்நேரமும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது. பையின் கனம், செல்போன், அம்மாக்காரி கவனிக்காதது, மூன்றும் காரணமாக இருக்கும்.

எனக்கும் கழுத்து வலி. பஸ் குலுக்கல். தைலம் தேய்த்தாயிற்று.


வைகாசி 7, திங்கள்

முருங்கைக்காய்ச் சாம்பார். எனக்கும் அம்மிணிக்கும் மட்டும் சாப்பிட்டு முடிக்க நேரமாகிறது. சதையைப் பல்லிலிருந்து எடுக்க இரண்டு பேரும் விரலை விட்டோம். ஹேமா பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எதற்குச் சிரிப்பு?

சிறுவாணித் தண்ணீர் இனிக்கும் என்கிறார்கள். காலையில் எழுந்தால் தொண்டை காய்ந்து கிடக்கிறது. தண்ணீரில் என்ன கலக்கிறார்களோ.


வைகாசி 9, புதன்

காலையில் துணி எடுக்கப் போனபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தாயும் மகளும். டக், டக், டக் என்று சத்தம், குதிரை வண்டி போகிற மாதிரி. பிறகு ஹேமாவின் குரல்: "இன்னும் மேல. அண்ணத்துல ஒட்டு. வுடாத, புடி."

கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. அம்மிணி கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள், எச்சில் வழிந்த முகவாயோடு.

"என்ன பண்றீங்கொ?"

"வெளையாட்டுங்கத்தே" என்றாள் ஹேமா.

பிள்ளையைக் கேட்டேன். அவள் அம்மா முகத்தைப் பார்த்தாள். அதிலேயே தெரிந்துபோயிற்று, இது விளையாட்டு இல்லை.

சாயங்காலம் ஹேமா பால்கனியில் நின்று போனில் பேசினாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். அந்தச் செடி பிளாஸ்டிக் என்பது எனக்கு அப்போது தெரியாது. காதில் விழுந்தது இவ்வளவுதான்: "அத்தைக்கும் அதேதான். ஆனா அவுங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இவரு சொல்லிட்டாரு."

எனக்கும் அதேதான் என்றால் எது? சர்க்கரையா, இருதயமா? போன மாதம் இரத்தம் எடுத்தார்களே, அந்தச் சீட்டை யுவராஜ் என்னிடம் காட்டினானா? இல்லை. நல்லாயிருக்குதும்மா என்று வாயால் சொன்னதோடு சரி.

பெற்ற பிள்ளையும் சேர்ந்துகொண்டிருக்கிறான்.


வைகாசி 10, வியாழன்

மாத்திரை டப்பாவைச் சோதித்தேன். எல்லாம் பழைய மாத்திரைகள்தான். புதிதாக ஒன்றும் கலக்கவில்லை.


வைகாசி 12, சனி

இன்று யுவராஜை உட்கார வைத்துக் கேட்டேவிட்டேன். ஹேமா பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

விஷயம் இது. அம்மிணிக்கு நாக்குக்கு அடியில் இருக்கிற ஜவ்வு குட்டையாக, தடித்துப் பிறந்திருக்கிறதாம். நாக்கை அது கீழே பிடித்து வைத்திருக்கிறது. எல்லாருக்கும் வாய் மூடியிருக்கும்போது நாக்கு மேலே அண்ணத்தில் ஒட்டி இருக்குமாம். இவளுக்கு அது தரையில் படுத்தே கிடக்கிறது.

"அதனால அண்ணம் அகலமா வளரல. மூக்குல காத்து போற வழி குறுகிப் போச்சு" என்றான். "வாயில மூச்சு வுடறா. அந்தக் காத்துக்கு வழி வேணும்னு தலைய முன்னால நீட்டிக்கறா. தலை முன்னால போனா தோளும் போவுது, முதுகும் போவுது. ஒறங்கும்போது நாக்கு பின்னால சரிஞ்சு மூச்சு அடைக்குது. சில நேரம் நின்னு நின்னு வருதும்மா."

"நாக்குக்கும் முதுகுக்கும் என்னடா சம்பந்தம்? நாளைக்குக் காது வலிச்சா கால வெட்டுவாங்களா?"

"வெட்டறதில்லம்மா. ஜவ்வ மட்டும் லேசா விடுவிக்கறது. மரத்துப் போற ஊசி போட்டு, கொஞ்ச நேரத்து வேலை. முன்னாலயும் பின்னாலயும் பயிற்சி. அதான் ஹேமா கண்ணாடி முன்னால பண்ண வெக்கறா."

வாய்க்குள்ளே கத்தி. என் பேத்திக்கு.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "இது யார் பக்கத்துல இருந்து வந்துச்சு?"

யுவராஜ் ஹேமாவைப் பார்த்தான். ஹேமா பூண்டைப் பார்த்தாள். அந்தப் பார்வையே போதும், அவள் பக்கம்தான்.

"சேனைத் தண்ணி வெச்சது யாரு?" என்றேன். "உங்கம்மாதான?"

எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பார்கள். வைத்தவரின் குணம் அப்படியே பிள்ளைக்கு வரும். அதனால்தான் ஆள் பார்த்து வைக்கச் சொல்வது. பெருந்துறைச் சம்பந்தியம்மாள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் இங்கே பொழுது விடிந்துவிடும். அந்த மந்த நாக்குதான் பிள்ளைக்கு வந்திருக்கிறது.

"இருக்குங்கத்தே" என்றாள் ஹேமா. அவ்வளவுதான். உரித்த பூண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தேன். சண்டை போடாதவளை நம்பக் கூடாது.


வைகாசி 14, திங்கள்

அம்மிணியின் ஜவ்வை வெட்டப்போகிற பல் டாக்டரைப் பார்க்க நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை, புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் அனுசுயா சின்னப் பெண். சுவரில் படங்கள் மாட்டியிருக்கிறாள். வைத்தியத்துக்கு முன்னால் கூனி நிற்கிற பையன், வைத்தியத்துக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற அதே பையன். பின்னால் எடுத்த படத்தில் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை. போட்டோ எடுக்கிறவன் நிமிரச் சொன்னால் யார்தான் நிமிர மாட்டார்கள்?

இதைக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"நியாயமான கேள்விங்க பாட்டி. கூனலுக்கு முழுக் காரணம் நாக்குதான்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்றவங்கள நம்பாதீங்க. கழுத்துக்குத் தனியாப் பயிற்சி வேணும். மூக்குச் சதை, தொண்டைச் சதை எல்லாம் காது மூக்கு டாக்டர்கிட்ட காட்டியாச்சு. அது நல்லா இருக்கு. தூக்கத்துல மூச்சு எப்படின்னும் பாத்தாச்சு. மிச்சம் இந்தக் கட்டுதான். இத விடுவிச்சாத்தான் நாக்கு மேல போறதுக்கு வழி கிடைக்கும். போறது அவ பயிற்சியில இருக்கு."

நம்பாதே என்று தன் வாயாலேயே சொல்கிற வியாபாரியை நான் பார்த்ததில்லை. இது வேறு மாதிரித் தந்திரமாக இருக்கலாம்.

பிறகு கேட்டாள்: "குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்குங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஹேமா முந்திக்கொண்டாள். "எங்க பக்கம் இருக்கலாமுங்க டாக்டர்."

அவளே ஒத்துக்கொண்டாள். டாக்டர் சாட்சி. யுவராஜ் ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், பெண்டாட்டி வீட்டுக் குறை வெளியே வந்தால் அவனுக்கும் வெட்கமாகத்தானே இருக்கும்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. எங்கள் வம்சத்தின் பெருமையை, நான்கு பிள்ளைகளின் படிப்பு விளையாட்டு எல்லாவற்றையும் டாக்டரிடம் விளக்கமாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு முறை ஏதோ சொல்ல வந்தாள். ஹேமா லேசாகத் தலையை ஆட்டினாள், அவள் நிறுத்திக்கொண்டாள். படித்தவர்களுக்குப் பேசுகிறவர் கண்ணைப் பார்க்க வேண்டும் என்று தெரிவதில்லை.

வைகாசி இருபத்து நாலு வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்திருக்கிறாள்.


வைகாசி 16, புதன்

அம்மிணியும் நானும் மட்டும் வீட்டில். மதியம் அவளிடம் ஒரு கதை சொன்னேன். எங்கள் ஊரில் ஒருவருக்குச் சின்ன வயதில் நாக்கில் கத்தி வைத்தார்கள், அன்றோடு பேச்சே போய்விட்டது, கடைசி வரைக்கும் கையைக் காட்டித்தான் சோறு கேட்டார் என்று. அப்படி ஒருவர் இருந்தாரா என்பது எனக்குச் சரியாகத் தெரியாது. இருந்திருக்கலாம். பிள்ளைக்கு நல்லதற்காகச் சொன்னது.

அவள் தன் நாக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அபாகஸ்ல வாயில சொல்லோணும் அப்பத்தா. கைய காட்டுனா மார்க் போட மாட்டாங்க."

"அதான் வேண்டாம்ங்கறேன்."

பிறகு அவளே விளையாட்டுக்குத் திரும்பினாள். எனக்குப் பயிற்சி சொல்லித் தருகிறாளாம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாக்கை மட்டும் தூக்கி மேல் பல்லுக்குப் பின்னால் தொட வேண்டும். செய்தேன். எனக்குப் பல் செட் இருப்பதால் வரவில்லை. செட்டைக் கழற்றிவிட்டுச் செய்யச் சொன்னாள். கழற்றினால் வாய் அளவு மாறிவிடும், அதனால் அப்போதும் வரவில்லை.

"நாக்க நீட்டு அப்பத்தா."

நீட்டினேன்.

"உன்னுதும் என்னுதாட்டவே இருக்குது. நுனியில பள்ளம் வுழுந்து, ஹார்ட்டு மாதர."

"போயி தண்ணி கொண்டா" என்றேன்.


வைகாசி 17, வியாழன்

குளியலறைக் கண்ணாடியில் வெளிச்சம் போதவில்லை. ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.


வைகாசி 18, வெள்ளி

பால்கனிப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை. கைக் கண்ணாடி பழசு. ரசம் போயிருக்கிறது. இட்லிக்கு அரிசி ஊற வைத்தேன்.


வைகாசி 19, சனி

மல்லிகாவுக்குப் போன் போட்டேன். சம்பந்தியம்மாள் சேனை வைத்ததால் வந்த வினையை எடுத்துச் சொன்னேன். அவள் இடையில் குறுக்கிட்டாள்.

"ஏம்மா, சேனை நீதான வெச்ச."

"நானா?"

"அவுங்க வெள்ளிக் கிண்ணத்த எடுத்துட்டு வந்தாங்க. நீ, இந்த வம்சத்துப் புள்ளைக்கு நான் இருக்கறப்ப நீங்க எதுக்குன்னு கிண்ணத்த வாங்கிக்கிட்ட. பாவம், அந்தம்மா மூஞ்சி சுண்டிப் போச்சு. நான் பக்கத்துலதான நின்னேன்."

மல்லிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஞாபக சக்தி குறைவு. நானே வைத்திருந்தாலும், கிண்ணம் அவர்கள் வீட்டுக் கிண்ணம். சர்க்கரையும் அவர்கள் வாங்கியது.

"உனக்குச் சின்ன வயசுல பேச்சு எப்படிம்மா? தாத்தா ஒருக்கா என்னமோ சொன்னாரு" என்று கேட்டாள். யார் சொல்லிக் கொடுத்துக் கேட்கிறாள் இவள்?

என் பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றது ஆடு பார்க்க ஆள் இல்லாததால். இன்ஸ்பெக்டர் வந்து என்னை எழுப்பிப் பாட்டு ஒப்பிக்கச் சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. மறுநாள் எனக்கு வயிற்று வலி. அதற்கு மறுநாள் ஆடு.

எழுத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். எழுதும்போது யாரும் சிரிக்க முடியாது.


வைகாசி 21, திங்கள்

மதியம் அம்மிணி சோபாவில் தூங்கினாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். சந்தேகத்துக்கு இன்று ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் சொல்வது போல எங்கே மூச்சு நிற்கிறது, பார்ப்போம் என்று.

வாய் திறந்திருந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்து, முகவாயை மேலே தூக்கி, தண்ணீருக்கு அலகைத் திறந்த கோழிக்குஞ்சு போலக் கிடந்தாள். குறட்டை, ஒரு வளர்ந்த ஆள் குறட்டை. பிறகு குறட்டை நின்றது. நல்லது, அமைதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்தேன். நெஞ்சைப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்கத்தான் பார்த்தது, காற்று போகவில்லை. வயிறு உள்ளே இழுத்தது. கீரை என் கையிலேயே இருந்தது. எழுப்பலாம் என்று கையை நீட்டுவதற்குள் ஹக் என்று ஒரு சத்தம், உடம்பே தூக்கிப் போட்டு, மூச்சு வந்தது. அவள் விழிக்கவில்லை. புரண்டு படுத்துத் திரும்பவும் அதே குறட்டை.

அந்த ஹக் சத்தம் எனக்குப் புதிதில்லை.

என் வீட்டுக்காரர், அம்மிணியின் அப்பாரு, இருந்தபோது வெளியே களத்தில்தான் கட்டில் போட்டுப் படுப்பார். காற்று பிடிக்கும் அவருக்கு. மார்கழிப் பனியிலும் பிடிக்கும். ஒரு தடவை சொன்னார், "நீ செத்துச் செத்துப் பொழைக்கறத ஒரு மனுசன் எத்தன தடவ பாத்துட்டுக் கெடக்கறது" என்று. அப்போது நான் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

சாயங்காலம் அம்மிணி எழுந்ததும் என்னிடம் வந்து ரகசியமாகச் சொன்னாள். "நான் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன் அப்பத்தா. நீ சொன்னதுதான் சரி."

நான் நினைத்தது நடந்துவிட்டது. கீரையில் உப்பு அதிகமாகிவிட்டது.


வைகாசி 23, புதன்

அம்மிணியிடம் கதையை மாற்றிச் சொல்லப் பார்த்தேன். அந்த ஆளுக்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது என்று. "நீ கடைசி வரைக்கும்னு சொன்ன" என்றாள். அபாகஸ் படிக்கிற பிள்ளையிடம் கணக்கு மாற்ற முடியாது.

ஹேமாவிடம் சொல்லலாமா என்று அடுப்படி வரை போனேன். போய், காபித்தூள் எங்கே என்று கேட்டுவிட்டு வந்தேன். காபித்தூள் என் கையில் இருந்தது.


வைகாசி 24, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எந்நேரமும் திறந்தே இருக்கிற வாய் இன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. அம்மிணி நாற்காலியில் ஏறிப் படுத்தாள், விளக்கைப் போட்டார்கள், டாக்டர் "ஆ காட்டு கண்ணு" என்றாள். உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டாள். யுவராஜ் கெஞ்சினான். ஹேமா தலையைத் தடவினாள். டாக்டர் ஒரு பொம்மையைக் காட்டினாள். அது குட்டிப் பிள்ளைகளுக்கு. அம்மிணிக்கு இன்னும் கோபம் வந்துவிட்டது. மூக்கில் காற்று போதாமல் முகம் சிவக்கிறது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

"பயந்த பிள்ளைய அமுக்கிப் புடிச்சு நான் பண்ண மாட்டேன்" என்றாள் டாக்டர். "இன்னொரு நாள் பாக்கலாம். ஆனா பயம் இப்பப் போகலைன்னா அடுத்த தடவை இன்னும் கஷ்டம்."

"என்ன பயம் கண்ணு, அம்மாட்ட சொல்லு" என்றாள் ஹேமா.

பல்லிடுக்கில் வந்தது பதில். "பேச்சு போயிரும். அப்பத்தா சொன்னாங்க. அவுங்க ஊர்ல ஒருத்தருக்குப் போயிருச்சு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். யுவராஜ் இப்படி என்னைப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஹேமா மட்டும் பார்க்கவில்லை. அவள் பிள்ளையின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னது பொய்யி கண்ணு" என்றேன்.

"நீ இப்பத்தான் பொய் சொல்ற."

அவளுக்கு யார் மேலேயும் நம்பிக்கையில்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை. சேனை வைத்தவள் நான்.

செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தேன். விளக்குக்குக் கீழே போய் நின்றேன். மகன் முன்னால், மருமகள் முன்னால், டாக்டருக்கு உதவிக்கு நின்ற வெள்ளைச் சட்டைப் பெண்கள் இரண்டு பேர் முன்னால், வாயைத் திறந்தேன். நாக்கைத் தூக்கினேன். தூக்க முடிந்த அளவுக்கு.

டாக்டர் விளக்கைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள்.

"பாரு கண்ணு" என்றேன். பல்லில்லாமல் என் பேச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசினேன். "இது வெட்டாத நாக்கு. உன்ற நாக்காட்டவே பொறந்த நாக்கு. யாரும் தொடல. பேச்சு எங்கயும் போகல, ஆனா இஸ்கோல்ல பாட்டு ஒப்பிக்கச் சொன்னப்ப இதுக்கு வார்த்தை பொரளல. எல்லாரும் சிரிச்சாங்க. அந்த வாத்தியாரும் சிரிச்சாரு. அன்னிக்கு வூட்டுக்கு வந்தவ திரும்பிப் போகல. நல்லாப் படிச்சுட்டிருந்தேன் கண்ணு. மொதல் மார்க்கு."

அம்மிணி என் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்து வலிக்குமா உனக்கு?"

"தெனமும்."

"ஒறங்கறப்ப?"

"உன்ன மாதரதான். உங்க அப்பாரு பயந்துக்கிட்டுக் களத்துல போயிப் படுத்துக்குவாரு."

"நீயும் பண்ணிக்கறயா?"

"எனக்கு வயசாச்சு. நீ பண்ணிக்க. பேச்சு போனா நான் வந்து உன்ற அபாகஸ் டீச்சர்கிட்ட சண்டை போடறேன்."

அவள் டாக்டரைப் பார்த்தாள். "அப்பத்தா கைய நான் புடிச்சுக்கலாமா?"

பிடித்துக்கொண்டாள். ஊசிக்கு நகம் பதிந்தது, எனக்கு. மற்றது ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன், அதனால் அதைப் பற்றி எழுத முடியாது. திறந்தபோது டாக்டர், "இப்பத் தூக்கு பாக்கலாம்" என்றாள். நாக்கு மேலே போனது. ரொம்பப் போகவில்லை, ஆனால் போனது. அம்மிணி மரத்துப்போன வாயோடு உளறிக்கொண்டே கேட்டாள், "பேசறனா? பேசறனா?" என்று.


வைகாசி 25, வெள்ளி

அவளுக்கு ஐஸ்கிரீம், தயிர் சாதம். நாக்குக்கு அடியில் வெள்ளையாக இருக்கிறது. சீழ் என்று பயந்து டாக்டருக்குப் போன் போடச் சொன்னேன். ஆறுகிறபோது அப்படித்தான் இருக்குமாம். டாக்டர் சொன்னதை ஹேமா சொன்னாள். நான் ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டேன்.


வைகாசி 27, ஞாயிறு

ஹேமா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் ஒரு பக்கம் உட்கார்ந்து மடித்தேன். யுவராஜும் அம்மிணியும் வெளியே போயிருந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

எதை என்று அவள் கேட்கவில்லை. "போன வருசம் அம்மிணிக்குக் கண்டுபுடிச்சப்பங்கத்தே. டாக்டர் படம் போட்டுக் காட்டுனாங்க. அதப் பாத்ததும் உங்க ஞாபகந்தான் வந்துச்சு. நீங்க சாப்படறது, கழுத்து வலி, எல்லாம்."

"அப்பறம் எதுக்கு உங்க பக்கம்னு சொன்ன? நான் உங்கம்மாள அத்தன பேசறேன், நீ பாட்டுக்கு இருக்குங்கத்தேங்கற."

அவள் ஒரு தலையணை உறையை மடித்து, பிரித்து, திரும்ப மடித்தாள்.

"உங்க பையன் சொன்னாருங்க. சின்ன வயசுல ஒருக்கா அவரு ஃப்ரெண்டு ஒருத்தன் நீங்க பேசறாப்புல பேசிக் காட்டுனானாம். அப்பறம் கொஞ்ச நாளைக்கு நீங்க யாருகிட்டயும் வாயே தொறக்கலையாம். மறுபடி அப்படி ஆயிருமோன்னு அவருக்குப் பயம். நீங்க பேசாம இருந்தா இந்த வூடு வூடாட்டவா இருக்கும்?"

இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்வதா, கிண்டல் என்று எடுத்துக்கொள்வதா என்று யோசித்தேன். அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்கம்மாளுக்கு ஒரு போன் போட்டுக் குடு" என்றேன்.

சம்பந்தியம்மாள் எடுத்தாள். அவள் மெதுவாகப் பேசி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன். இது எனக்குப் பெரிய காரியம்.


வைகாசி 30, புதன்

டாக்டர் என்னையும் பார்த்தாள். இந்த வயதில் வெட்டினாலும் பெரிய மாற்றம் இராதாம். ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாள், தூக்கத்தில் மூச்சு எப்படி என்று பெரிய டாக்டரிடம் ஒரு சோதனை செய்துகொள்ளச் சொன்னாள். எனக்கு எதையும் வெட்டாதவள் என்பதால் அவள் மேல் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது. கொஞ்சம்தான்.

அம்மிணி காலையும் மாலையும் கண்ணாடி முன்னால் டக் டக் போடுகிறாள். கதவைச் சாத்துவதில்லை. நானும் பக்கத்தில் நின்று போடுகிறேன். எனக்கு டொக் என்றுதான் வருகிறது.


ஆனி 9, ஞாயிறு

எங்கள் ஊர் கவுந்தப்பாடிக்குத் திரும்பி வந்து ஒரு வாரம் ஆகிறது. பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். எலி பருப்பு டப்பாவின் மூடியைக் கடித்து வைத்திருக்கிறது. மழை இல்லை.

இன்று போனில் அம்மிணி பேசினாள். வகுப்பில் எழுந்து நின்று முழுப் பாடமும் படித்தாளாம். டீச்சர் என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த பிள்ளையை எழுப்பினாளாம். சிரித்தார்களா என்றேன். எதுக்கு அப்பத்தா சிரிக்கணும் என்றாள்.

பிறகு ஹேமா வாங்கிப் பேசினாள். முதுகு ஒரேயடியாக நிமிர்ந்துவிடவில்லை, கழுத்துப் பயிற்சி நடக்கிறது, மாதக் கணக்கில் ஆகும் என்றாள். தூக்கத்தில் இப்போதெல்லாம் வாயை மூடிக்கொள்கிறாள், அந்த ஹக் சத்தம் இல்லை என்றாள். மூடிக்கொள்கிறாளா, நீ மூடிவிடுகிறாயா என்று கேட்டேன். அவளே மூடிக்கொள்கிறாள் என்கிறாள். அடிக்கடியா, எப்போதுமா என்று கேட்டேன். பெரும்பாலும் என்கிறாள். பெரும்பாலும் என்றால் என்ன கணக்கு?

இவர்கள் என் மனசு நோகக் கூடாது என்று எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அதனால் சொல்லிவிட்டேன்: அம்மிணி தூங்கும்போது ஒரு போட்டோ எடுங்கள். டாக்டர் சுவரில் மாட்டியிருக்கிறது போல நிமிரச் சொல்லி, தலை வாரி எடுக்கிறது வேண்டாம். அவளுக்குத் தெரியாமல், பக்கவாட்டில், உதடு தெரிகிற மாதிரி எடுங்கள். போனில் அனுப்பினால் என் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. கடையில் பெரிதாகப் போட்டு, இந்த வாரத்துக்குள் தபாலில் போட்டுவிடுங்கள்.